நாதஸ்வரக்காரரின் வெங்காயத் தோட்டம்

யோகன் அண்ணை நாதஸ்வரத்தின் சீவாளியை வாயிலிருந்து எடுக்கப் பார்த்தார். அது வரவில்லை.

வல்வெட்டித்துறைப் பக்கத்தில், கடற்காற்று நேரே முகத்தில் அடிக்கிற ஓர் அம்மன் கோயில். பகல் திருவிழா. சுவாமி வெளிவீதி சுற்றி வந்து மேற்கு வீதியில் நின்றது. அந்த இடத்தில் சுவாமியை நிறுத்திவைத்துக் கொஞ்ச நேரம் மேளம் கேட்பது அங்கே வழக்கம். சனம் மணலிலேயே இருந்துவிட்டது. யோகன் அண்ணை நாதஸ்வரம், செல்வம் தவில், நான் தாளம்.

ஆலாபனை தொடங்கிக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும். மேலே ஏற வேண்டிய இடத்தில் அண்ணை நிறுத்தினார். சீவாளி காய்ந்துபோய் மேலுதட்டில் ஒட்டியிருந்தது. மெல்லப் பிரித்து எடுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. கைலேஞ்சியால் உதட்டை ஒற்றினார். வெள்ளை லேஞ்சியில் சிவப்பாக ஒரு புள்ளி.

என்னைப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். குடித்தார். திரும்ப வாசித்தார். திரும்ப நிறுத்தினார். திரும்பத் தண்ணீர். அந்த இடைவெளி தெரியாமல் இருக்கச் செல்வம் தவிலில் ஏதேதோ சொல்லி நிரப்பிக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கச் சொன்னான்.

"அண்ணை, கிணத்திலை கொஞ்சம் மிச்சம் விடுங்கோ. அம்மனுக்குப் பின்னேரம் அபிஷேகம் கிடக்கு."

வேறு நாளென்றால் அண்ணை சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"சீவாளி சரியில்லை," என்றார்.

நான் தலையாட்டினேன்.

இந்தத் தொடரைக் கிழமைதோறும் வாசிக்கிறவர்களுக்கு யோகன் அண்ணையைத் தெரியும். புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் என் பெரியப்பாவின் மகன். இணுவிலில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். இந்த அத்தியாயத்தில் வருகிறவர்கள் எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அண்ணை வாசித்துப் பார்த்துவிட்டு, "பேரையும் போடு, இல்லாட்டி ஆரோ எவரோ எண்டு நினைப்பினம்" என்றார்.

கையைப் பார்த்துக்கொண்டு

நான் ஓ.எல். சோதனை வரைதான் படித்தேன். பிறகு நாதஸ்வரம் பழகினேன். வீட்டுக்குள் ஓரளவு வாசிப்பேன். வெளியே நாலு முகத்தைக் கண்டால் மூச்சு நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும். முன்னுக்கு நிற்கிறவர் சனத்தைப் பார்க்க வேண்டும். தாளம் போடுகிறவன் தன் கையைப் பார்த்தால் போதும். அந்த வசதிக்காகவே தாளத்துக்கு வந்தேன். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. நானாக ஒதுங்கிக்கொண்டேன். அதில் எனக்குக் கவலையும் இல்லை.

எங்கள் வேலையில் உடம்பில் ஏதாவது ஒன்று போகத்தான் செய்யும். தவில் வார் கிடந்து கிடந்து செல்வத்தின் தோள் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. சட்டை தைக்கிறவர் அவனுக்கு அளவெடுக்கும்போதே சிரிப்பார். எனக்குப் படுத்த உடனே இடது காதுக்குள் சில்வண்டு கத்தத் தொடங்கும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவில் இத்தனை வருடம் நின்ற பலன். யோகன் அண்ணைக்கு ஒருமுறை குடலிறக்கம் வந்து ஒப்பரேசன் செய்தது. தையல் ஆறிய கையோடு ஊதப் போய் டொக்டரிடம் பேச்சு வாங்கினார்.

நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. விடியப் பூசைக்கு முதல் வெறுந்தேத்தண்ணி, மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு, அதுவும் வாழையிலையில் ஆறிப்போய். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு நீரிழிவு, சீனி வருத்தம்.

இதையெல்லாம் வாடகை வான் வண்டியில் போகும்போது பகிடியாகக் கதைப்போம். தோள், காது, குடல், சீனி வரைக்கும் கதைக்கலாம். அதற்கு மேல் கதைப்பதில்லை.

சீவாளியின் தலையில்

சீவாளி என்பது நாதஸ்வரத்தின் வாய்ப்பக்கத்தில் செருகுகிற சின்ன நாணல் துண்டு. அதுதான் பேசுவது. மற்றதெல்லாம் மரம். வாயில் வைத்து, எச்சிலில் ஊறவைத்து, இளகிய பிறகே அது சொன்னபடி கேட்கும். காய்ந்த சீவாளியை ஊதினால் நாதம் வராது, காற்றுத்தான் வரும். அதனால் நாதஸ்வரத்தோடு சேர்த்து நூலில் நாலைந்து சீவாளி எப்போதும் தொங்கும். ஒன்று சரியில்லையென்றால் மற்றது.

எங்கள் ஆட்களிடம் ஒரு மரியாதை உண்டு. வாசிக்கிறவர் சறுக்கினால் அவரைக் குறை சொல்லமாட்டோம். சீவாளியைச் சொல்லுவோம். காய்ச்சலோடு வந்தவருக்கும், வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்தவருக்கும், முதல் நாள் குடித்துவிட்டு வந்தவருக்கும் ஒரே சொல்தான். "சீவாளி சரியில்லைப் போலை." கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். அதோடு கதை முடிந்துவிடும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு மூத்த வித்துவான், மனைவியைப் பறிகொடுத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து முதல் முதலாக வாசிக்க வந்திருந்தார். நன்றாகத்தான் தொடங்கினார். நடுவில் அழுகை வந்துவிட்டது. நாதஸ்வரத்தைப் பிடித்தபடி நிற்கிறார், ஊத முடியவில்லை. பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தன் நூலில் தொங்கிய சீவாளி ஒன்றைக் கழற்றி, "இதைப் போட்டுப் பாருங்கோ" என்று நீட்டினார். மூத்தவர் வாங்கினார். வாயில் வைத்து ஊறவைத்தார். அது ஊறுவதற்குள் அழுகையும் அடங்கிவிட்டது. பிறகு வாசித்தார்.

இதைவிட நல்ல பண்பு உலகத்தில் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

மற்றப் பாதியைத்தான் இந்தக் கிழமை எழுத உட்கார்ந்தேன்.

நித்திரை போன விதம்

கொரோனா முடிந்து கோயில்கள் திறந்து, பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசையும் முடிந்து, வேலை திரும்ப வரத் தொடங்கிய காலம். வெளிநாட்டில் இருந்து சனம் வந்து இறங்கியது. ஒத்திவைத்த கலியாணம் எல்லாம் ஒன்றாக நடந்தது. வேலை இல்லாத நாளில் நித்திரை இல்லையென்றால் அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். அண்ணைக்கு வேலை வந்த பிறகுதான் நித்திரை போனது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. விடிய ஆறு மணிக்கு வான் வருமென்றால் நாலரைக்கே குளித்து, பட்டு வேட்டி கட்டி, வாசல் படலையில் நிற்பார். மண்டபத்துக்குப் போனால் பின்பக்கம் சமையல்காரர்களோடு போய் நின்றுகொள்வார். "முன் வரிசையிலை ஆர் இருக்கினம்?" என்று என்னைப் பார்த்துவரச் சொல்வார். இந்தக் கேள்வியை நான் கேட்டால் பொருத்தம். எத்தனையோ ஆயிரம் பேருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த மனிதர் கேட்கிறார்.

தாலி கட்டும் நேரம் நெருங்க நெருங்க முகம் வெளுக்கும். சால்வை நனைந்துவிடும். ஐயர் கை காட்டினால் அடுத்த கணம் கெட்டிமேளம் முழங்க வேண்டும். அதில் பிந்தக்கூடாது. ஒருநாள் அந்த நேரத்தில் என் காதுக்குள், "தம்பி, எனக்கு மூச்சு வராதெண்டு நினைக்கிறன்" என்றார். வந்தது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வரைக்கும் அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மலர் மச்சாள், அண்ணையின் மனைவி, அதிகம் கதைக்காதவர். என்னைப் போலத்தான். ஒருநாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"உங்கடை அண்ணை விடிய விடிய முழிச்சிருக்கிறார். நாதஸ்வரத்தைக் கட்டிலுக்குக் கீழை தள்ளிவிட்டிட்டுப் படுக்கிறார். கண்ணிலை படக்கூடாதாம்."

எங்கள் பகுதி மிட்வைஃப் அம்மாவிடம் மச்சாள் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை, யாரும் போகலாம். நான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் மச்சாளின் கேள்வி.

அண்ணை ஒரேயடியாக மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை வைத்தார்.

"இணுவிலுக்குக் கிட்ட எங்கையும் வரமாட்டன். ஆரும் கண்டால் விசர் எண்டு முடிவுகட்டிப்போடுவினம். மங்கல வாத்தியம் வாசிக்கிறவன்ரா நான். அதுக்குப் பிறகு ஆர் என்னைக் கலியாண வீட்டுக்குக் கூப்பிடுவினம்?"

அது வெறும் பயமில்லை. அப்படிக் கூப்பிடாமல் விட்டதை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம்.

"என்ன தொழில்?"

அச்சுவேலியில் தேத்தண்ணி குடித்து, தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டி, வடமராட்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு என் மோட்டார் சைக்கிளில் போனோம். அண்ணை தொப்பி போட்டிருந்தார். வாழ்க்கையில் தொப்பி போடாதவர் போட்டால் அதுவே எல்லாரையும் பார்க்க வைக்கும். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மோட்டார் சைக்கிளை ஓட்டினேன்.

வரிசையில் முன்னால் இருந்த தாதி, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகப் பெயர், ஊர், வயது கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"என்ன தொழில்?"

அண்ணை கொஞ்சம் யோசித்தார்.

"தோட்டம், மிஸ்."

"என்ன தோட்டம்?"

"வெங்காயம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். அண்ணை வீட்டுப் பின்வளவில் நிற்பது கறிவேப்பிலை மரம் ஒன்றுதான். அதற்கும் மச்சாள்தான் தண்ணீர் ஊற்றுவது.

எங்களுக்குப் பின்னால் இருந்தவர் உண்மையாகவே வெங்காயம் செய்கிறவர். அவருக்குக் கதைக்க ஒருவர் கிடைத்த சந்தோசம். "எங்கடையிலை நுனி கருகுது அண்ணை. நீங்கள் என்ன மருந்து அடிக்கிறனியள்?" என்று கேட்டார்.

"தண்ணிதான்," என்றார் அண்ணை.

அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்களோடு கதைக்கவில்லை.

உள்ளே ஓர் இளம் டொக்டர். பெண். அவசரப்படாமல் கேட்டார். நித்திரை, சாப்பாடு, படபடப்பு, வீட்டில் யார் யார். என்னையும் உள்ளே இருக்கச் சொல்லி அண்ணை கையைப் பிடித்திருந்ததால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். சாகிற யோசனை வருகிறதா என்று டொக்டர் கேட்டபோது அண்ணை மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்பிடி வாறதில்லை. விடியாட்டி நல்லம் எண்டு சில நாள் நினைக்கிறனான்."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவில் போட டொக்டர் ஒரு குளிசை கொடுத்தார். மாதம் ஒருமுறை, புதன்கிழமையில் வரவேண்டும். திரும்பி வரும்போது தொண்டைமானாற்றுப் பாலத்தில் அண்ணை பின்னால் இருந்து தோளில் தட்டினார். "அடுத்தமுறை மரவள்ளி எண்டு சொல்லுறன். அதுக்கு வருத்தம் குறைவு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்து எத்தனையோ கிழமையாகியிருந்தது.

குளிசை வேலை செய்தது. நித்திரை வந்தது. நாலரைக்குப் படலையில் நிற்கிற வேலை நின்றது. மச்சாள் ஒரு சட்டி மோதகம் அவித்து வேலிக்கு மேலால் தந்தார். ஏனென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்ப மேற்கு வீதி

நித்திரை வந்த பிறகுதான் சீவாளி பிழை விடத் தொடங்கியது.

அதாவது, அப்படித்தான் நாங்கள் சொன்னோம். வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சீவாளி காய்ந்துவிடும். மாற்றினால் அதுவும் காயும். இந்தியாவில் இருந்து வந்தவர் ஒருவரிடம் சொல்லிப் புதுக்கட்டு எடுப்பித்தோம். தெரிந்த வித்துவான் ஒருவர் தன்னுடைய பழக்கப்பட்ட சீவாளிகளைத் தந்து உதவினார். அண்ணை கற்கண்டை வாயில் அடக்கிப் பார்த்தார். கராம்பு கடித்துப் பார்த்தார். வெயில் என்றோம். உப்புக்காற்று என்றோம். நாணல் இப்போது முந்தி மாதிரி முற்றுவதில்லை என்று செல்வம் ஒரு விளக்கமும் சொன்னான்.

அந்த அம்மன் கோயில் மேற்கு வீதியில் நடந்ததைத்தான் தொடக்கத்தில் எழுதினேன். அன்று அண்ணை மேலே போகவே இல்லை. கீழேயே சின்னதாக ஒன்றை வாசித்து முடித்து, சுவாமியை எழுப்பச் சொல்லிக் கண் காட்டினார். சுவாமி நகர்ந்தது. மணலில் இருந்த சனம் எழும்பித் தங்களுக்குள் ஏதோ கதைத்தது. என்ன கதைத்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது அண்ணை தொண்டைமானாற்றில் வானை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ப் பாலத்துக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. நானும் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீரில் இறால் வலை போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது என்னை விட்டிட்டுது," என்றார்.

எதைச் சொல்கிறார் என்று கேட்கத் தேவையில்லை.

"தேருக்கு வேறை ஆளைப் பாக்கச் சொல்லப்போறன். அதோடை சரி. இனிமேல் எடுக்கமாட்டன்."

எங்கள் பக்கத்துப் பிள்ளையார் கோயில் தேரைச் சொல்கிறார். பெரியப்பாவுக்குப் பிறகு, ஒரு வருடமும் விடாமல் அவர் வாசித்து வருகிற தேர். அதை விடுகிறார் என்றால் எல்லாவற்றையும் விடுகிறார் என்றுதான் அர்த்தம். அவருக்கு வேறு தொழில் தெரியாது. வேறு ஆசையும் இருந்ததில்லை.

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "சீவாளியை மாத்திப் பாப்பம் அண்ணை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை.

"எத்தினை சீவாளியடா மாத்துறது?"

அடுத்த கிளினிக் முடிந்து வந்து கோயில் சபைக்காரரோடு கதைக்கிறேன் என்றார். வானுக்குள் செல்வம் நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான்.

தம்பியார்

அந்தப் புதன்கிழமை அண்ணை தொப்பி போடவில்லை. இனி ஆர் கண்டால் என்ன என்ற நிலை.

காத்திருக்கிறவர்கள் இருக்கும் வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா வந்து இருந்தார். எங்களைவிட மூத்தவர். மடியில் பிளாஸ்ரிக் கூடை. வீட்டுக்காரரும் மகன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள் என்று அவர் வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததில் தெரிந்தது. அண்ணையை இரண்டு மூன்று முறை பார்த்தார்.

"தம்பி, நீங்கள் எங்கடை அம்மன் கோயிலிலை வாசிச்சனீங்கள் எல்லே?"

இணுவிலுக்குத் தூரமென்றுதான் இங்கே வந்தோம். குடாநாட்டில் அண்ணை வாசிக்காத கோயில் எது என்று நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை.

அண்ணை சுவரைப் பார்த்தார்.

"அது என்ரை தம்பி, அம்மா. நான் தோட்டம்."

"அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கிறியள்."

"ஓம். எல்லாரும் சொல்லுறவை."

அம்மா தலையாட்டினார். கூடைக்குள் எதையோ தேடினார். பிறகு கேட்டார்.

"தம்பியார் சுகமா இருக்கிறாரோ?"

"ஏன் கேக்கிறியள்?"

"அண்டைக்கு அவர் தண்ணிப் போத்தலும் கையுமா நிண்டவர். சனம் என்ன கதைச்சதெண்டால், குடிச்சிட்டு வந்திட்டார் எண்டு."

குடிப்பழக்கம் அண்ணைக்கு ஒருநாளும் இருந்ததில்லை. வாத்தியத்தை எடுக்கிற நாளில் வெற்றிலைகூடப் போடாதவர்.

"நான் சொன்னன், உது குடி இல்லை, மனுசன் குளிசை போடுறார் எண்டு," என்றார் அந்த அம்மா. குரலைத் தணிக்கவுமில்லை, உயர்த்தவுமில்லை. "எனக்கும் உந்த இரவுக் குளிசை போட்டு நாக்கு அண்ணத்திலை ஒட்டிப்போகும். சோறு இறங்காது. போத்தல் இல்லாமல் சந்தைக்கும் போகமாட்டன். பிறகு டொக்டரிட்டைச் சொன்னன். மாத்தித் தந்தவ. இப்பக் கொஞ்சம் பரவாயில்லை."

அம்மா மடியில் கூடையைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பியாருக்குச் சொல்லிவிடுங்கோ. டொக்டரிட்டைச் சொன்னால்தான் அவைக்குத் தெரியும்."

"சொல்லுறன், அம்மா," என்றார் அண்ணை.

அவருக்கு உண்மை தெரிந்திருந்ததா, இல்லையா? நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளே போனோம். டொக்டர் நித்திரையைக் கேட்டார். வருகிறது என்றார் அண்ணை. படபடப்புக் குறைவு என்றார். டொக்டருக்கு நல்ல ஞாபகசக்தி. எழுதிக்கொண்டே, வெங்காயம் எப்படி என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"டொக்டர், என்னட்டைத் தோட்டம் இல்லை," என்றார் அண்ணை. "நான் நாதஸ்வரம் வாசிக்கிறனான்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணை கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சீவாளி என்றால் என்னவென்று டொக்டருக்குத் தெரியாது. சட்டைப் பையில் இருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். அது எப்படி ஊறவேண்டும், உதடு எப்படிப் பிடிக்க வேண்டும், மேலே போகும்போது என்ன நடக்கிறது, காய்ந்தால் எப்படித் தோலோடு வருகிறது. எங்கள் ஆட்களுக்குக்கூட விளக்கிச் சொல்லாதவர் அந்தச் சின்னப் பிள்ளைக்குச் சொன்னார். தன் மேலுதட்டையும் காட்டினார். டொக்டர் எழும்பி வந்து பார்த்தார்.

"வாய் காயுறது இந்தக் குளிசையாலைதான். சிலருக்கு அப்பிடித்தான். தோட்டக்காரர் தண்ணி குடிச்சுச் சமாளிப்பார் எண்டு நான் பெரிசா எடுக்கேல்லை. உங்கடை தொழில் தெரிஞ்சிருந்தால் இதைத் தந்திருக்கமாட்டன்." பேனையைத் திரும்ப எடுத்தார். "ஏன் ஐயா தோட்டம் எண்டு சொன்னியள்?"

"கலியாண வீட்டுக்கு விசரனை ஆர் பிள்ளை கூப்பிடுவினம்?"

"உந்தக் கதிரையிலை வாத்திமார் வந்து இருக்கினம். ஐயர்மார் வந்து இருக்கினம். நான் பேர் சொல்லுறதில்லை. உங்கடையையும் சொல்லமாட்டன்."

குளிசையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மற்றதைத் தொடங்க வேண்டும் என்றார். புதியது உடனே வேலை செய்யாது. நடுவில் சில இரவுகள் கஷ்டமாக இருக்கலாம். பழையதைப்போல நித்திரை வருமென்று உறுதியாகச் சொல்லமுடியாது. எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அண்ணை தேரைப் பற்றிச் சொன்னதும், அது எப்போது என்று கேட்டு, நாட்களைக் கணக்குப் பார்த்து, "பாப்பம்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணை வாங்கைப் பார்த்தார். அந்த அம்மா போய்விட்டார். மருந்து எடுக்கிற யன்னல் வரைக்கும், பிறகு கேற் வரைக்கும் தேடிப் பார்த்தார். காணவில்லை.

சபைக்காரரோடு கதைப்பது பற்றி நான் கேட்கவில்லை. அவரும் போகவில்லை.

தேர்

இடையில் வந்த இரவுகள் லேசாக இருக்கவில்லை. மச்சாளின் முகத்தைப் பார்த்தாலே முதல்நாள் இரவு எப்படி என்று தெரிந்துவிடும். ஒரு கிழமை முழுக்க அண்ணை நாதஸ்வரத்தைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறேன், வேலிக்கு அந்தப்பக்கம் கீழ்ச்சுரம் ஒன்று மட்டும் கேட்டது. நீளமாக. திரும்பவும் அதே சுரம். நான் துலக்குவதை நிறுத்திவிட்டு நின்றேன். அது உடையவில்லை.

தேரன்று காலை சுவாமி வெளியே வரும்போது அண்ணை மல்லாரி வாசித்தார். எப்படி வாசித்தார் என்று எழுத எனக்கு வார்த்தை போதாது, ஆசையும் இல்லை. உதடு ஈரமாக இருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழுக்கச் சுகமாகிவிட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம். தேர் வடக்கு வீதியில் திரும்பி நின்றபோது, சனம் நெருக்கியடித்து முன்னுக்கு வந்தது. அண்ணையின் நெற்றியில் வேர்வை பூத்தது. கை நடுங்கத் தொடங்கியது. முந்தியென்றால் அந்த நடுக்கத்தோடு சண்டை பிடித்து வாசித்திருப்பார். அன்று நாதஸ்வரத்தை இறக்கினார். செல்வத்தைப் பார்த்து, நீ எடு என்று தலையசைத்தார். செல்வம் தனியாக வாசித்தான். சனம் அவனைப் பார்த்தது. அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, என் தாளத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் போனது. திரும்ப எடுத்தார். தேர் தன் இருப்பிடத்துக்கு வந்து சேரும் வரைக்கும் வாசித்தார்.

வானில் வரும்போது செல்வம் வழக்கம்போலத் தொடங்கினான்.

"இண்டைக்குச் சீவாளி திறமாய் இருந்தது அண்ணை."

"சீவாளி பழசுதான்," என்றார் அண்ணை. "குளிசைதான் புதுசு."

செல்வம் திரும்பிப் பார்த்தான். அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். கிளினிக், வெங்காயம், கட்டிலுக்குக் கீழே தள்ளிய நாதஸ்வரம், விடியாவிட்டால் நல்லது என்று நினைத்த நாட்கள். வெங்காயம் வந்த இடத்தில் செல்வம் ஏதாவது சொல்லுவான் என்று நான் பார்த்தேன். எங்கள் மூன்று பேரில் எதையும் பகிடியாக்காமல் விடாதவன் அவன். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மருதனார்மடம் சந்தியும் வந்துவிட்டது.

"உது என்ன கிழமையிலை அண்ணை?" என்றான் பிறகு. "அந்தக் கிளினிக்."

அண்ணை அவனை உடனே திரும்பிப் பார்க்கவில்லை. ஏன், எதற்கு என்றும் கேட்கவில்லை.

"புதன்," என்றார். "வெள்ளன வெளிக்கிடவேணும்."

அடுத்து வந்த புதன்கிழமை எங்களுக்கு ஒரு கலியாணம் பேசியிருந்தது. அதை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டோம்.